பயிற்சியில் சேர்ந்தால் வேலையின்மைத் தொகை நின்றுவிடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். உற்பத்தியைப் பினாங்குக்கு மாற்றிவிட்டு எங்களை லேஆஃப் செய்துவிட்டார்கள். வயது 46, கிரீன் கார்டு இருக்கிறது. வேலையின்மைத் தொகையை வழங்கும் மாநிலத் துறையான ஈடிடியிலிருந்து வாரம் 450 டாலர் வீதம் இதுவரை பதினொரு வாரத் தொகை வந்திருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் கம்யூனிட்டி காலேஜில் ஹெச்விஏசி (வெப்பமூட்டும், குளிரூட்டும், காற்றோட்டக் கருவிகள் பற்றிய) படிப்பு தொடங்குகிறது. இரண்டு செமஸ்டர், பகல் நேர வகுப்பு. வகுப்பில் சேர்ந்தது தெரிந்தால் தொகையை நிறுத்திவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்கிறார் நண்பர். வகுப்பு தொடங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் கல்லூரியில் ஒருவர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பல வருடங்களுக்கு முன் இரண்டு ஆண்டு தொகை வாங்கிக்கொண்டே படித்தார். எனக்கும் அது கிடைக்குமா? மனைவிக்குச் சம்பளம் வருவதால் தொகை குறையுமா? நாளை சிட்டிசன்ஷிப்புக்கு இது தடையாகுமா? எச்1பி விசாவில் வேலை இழந்த என் மைத்துனரும் இப்படிப் படிக்க முடியுமா? ஊரில் அப்பா இதைச் "சும்மா வருகிற காசு" என்று வருத்தப்படுகிறார்.

பதில்:

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், அவற்றுள் ஒன்றுக்குக் கெடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலம் முழுவதற்கும் தொகை தொடர வேண்டுமானால், 16ஆவது வாரத்துக்குரிய தொகையைப் பெறுவதற்கு முன்பே ஈடிடியைத் தொடர்புகொண்டு, "கலிஃபோர்னியா டிரெய்னிங் பெனிஃபிட்ஸ்" என்னும் திட்டத்தில் எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இரண்டிரண்டு வாரங்களுக்குச் சேர்த்தே நாம் செர்டிஃபை செய்கிறோம் (தகுதியை உறுதிசெய்யும் படிவத்தை நிரப்புகிறோம்) என்பதால், பதினொன்றில் நிற்கும் உங்கள் கணக்கு அடுத்து 13 ஆகும், பிறகு 15 ஆகும், மூன்றாவது முறை பணம் வரும்போது 17 ஆகிவிடும். அந்த மூன்றாவது முறை வருவது ஏறத்தாழ உங்கள் வகுப்பு தொடங்கும் வாரத்தில்தான். ஆகவே "சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று கல்லூரியில் ஒருவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தால், வகுப்பின் முதல் நாளன்று நீங்கள் கெடுவைத் தாண்டியிருப்பீர்கள். இந்த வாரமே கேளுங்கள். தொலைபேசியில் கேட்பதோடு நிறுத்தாமல், ஈடிடியின் இணையக் கணக்கு வழியாகவும் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, அது போன நாளும் நேரமும் தெரியும்படி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "கேட்டேன்" என்பதற்கும் "இன்ன தேதியில் கேட்டேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பின்னால் ஒரு மேல்முறையீட்டில் பல ஆயிரம் டாலர் பெறும்.

தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று உங்கள் நண்பர் அஞ்சுவதில் பாதி உண்மை இருக்கிறது. வேலையின்மைத் தொகை பெறுகிறவர் வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், வேலை வந்தால் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பகல் முழுதும் வகுப்பில் உட்கார்ந்திருப்பவரால் இதை நிறைவேற்ற முடியாது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தச் சிக்கலைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கவனித்துவிட்டது. 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த திருத்தத்தின்படி, கூட்டாட்சி வேலையின்மை வரிச் சட்டத்தின் 3304ஆம் பிரிவு, (ஏ)(8) உட்பிரிவு, எல்லா மாநிலங்களையும் ஒரு நிபந்தனையால் கட்டுகிறது: மாநில முகமையின் ஒப்புதலோடு பயிற்சி பெறும் ஒருவருக்கு, அவர் பயிற்சியில் இருக்கிறார் என்பதற்காகவோ, அந்த வாரத்தில் வேலை தேடவில்லை, வேலைக்குத் தயாராக இல்லை, வந்த வேலையை மறுத்தார் என்பதற்காகவோ தொகையை மறுக்கக் கூடாது. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இது பொருந்தும், பெயர்தான் மாறும். நியூயார்க்கில் இதை 599 திட்டம் என்கிறார்கள், வாஷிங்டனில் கமிஷனர் அப்ரூவ்டு டிரெய்னிங் என்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் கூடுதல் வாரங்கள் தரும் ஏற்பாடு நியூ ஜெர்சியிலும் உண்டு. இந்த உட்பிரிவு முழுதும் "ஒப்புதலோடு" என்ற நிபந்தனையின்மேல்தான் நிற்கிறது. ஒப்புதல் இல்லாமல் படித்தால் நண்பர் சொன்னது நடக்கும். ஒப்புதல் பெற்றுவிட்டால் அவர் சொன்னது நடக்காது.

ஒப்புதல் கிடைக்கும் வழிகளில் எளிதானது, உங்கள் படிப்பு தகுதிபெற்ற பயிற்சிகளின் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது. இதை இடிபிஎல் என்பார்கள். கால்ஜாப்ஸ் என்ற மாநில வேலைவாய்ப்பு இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பட்டியலில் கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் அந்தப் படிப்பே இருக்க வேண்டும். ஒரே கல்லூரியில் வெல்டிங் பட்டியலில் இருக்கும், ஹெச்விஏசி இருக்காது; ஒரு வளாகத்துக்கு உண்டு, இன்னொரு வளாகத்துக்கு இருக்காது. படிப்பின் பெயரும் வளாகமும் தெரியும்படி அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது: உங்கள் பகுதியில் உள்ள அமெரிக்காஸ் ஜாப் சென்டருக்கு நேரில் போவது. 2014ஆம் ஆண்டின் தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்கள், உங்களைப் போல ஆலை இடம்பெயர்ந்ததால் வேலை இழந்தவர்களை "இடம்பெயர்க்கப்பட்ட தொழிலாளர்" என்று தனிப் பிரிவாகவே கருதுகின்றன. அங்குள்ள ஆலோசகர் உங்கள் படிப்பை ஏற்றுக்கொண்டால் ஈடிடியின் ஒப்புதலுக்கு அதுவே அடிப்படையாகிவிடும். அதோடு படிப்புக் கட்டணத்துக்கும் அவர்களிடம் நிதி இருக்கலாம். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஈடிடி தருவது வயிற்றுப்பாட்டுக்கான வாரத் தொகை மட்டுமே. கட்டணம், புத்தகம், கருவிகள் எதற்கும் அது ஒரு டாலரும் தராது. உங்கள் விஷயத்தில் கட்டணம் பெரிய சுமை இல்லை என்பது ஆறுதல். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், பன்னிரண்டு யூனிட் எடுத்தால் 552 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் உண்டு.

படிப்பு பட்டியலில் இல்லை, ஜாப் சென்டரும் கைவிரித்துவிட்டது என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அப்போது ஈடிடி உங்களைத் தொலைபேசியில் நேர்காணல் செய்து, தானே அளவுகோல்களைப் பொருத்திப் பார்க்கும். நீங்கள் நான்கு வாரத்துக்கு மேல் வேலையின்றி இருக்கிறீர்களா அல்லது ஆலை மூடலால் வேலை போனதா, படிக்கப்போகும் தொழிலுக்கு உங்கள் பகுதியில் தேவை இருக்கிறதா, அந்தத் தொழிலில் ஏற்கெனவே ஆட்கள் மிகையாக இல்லையா, படிப்பு முழுநேரமா, அதை நீங்கள் முடிப்பீர்கள் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டா, கடந்த மூன்று ஆண்டுகளில் இதே திட்டத்தில் வேறு பயிற்சி பெற்றிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஆலை மூடல் உங்களுக்குப் பெரிய பலம். லேஆஃப் கடிதத்தில் உற்பத்தி மாற்றப்பட்டது பற்றி ஒரு வரி இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஹெச்விஏசி மெக்கானிக் வேலைக்கு உங்கள் கவுண்டியில் வெளியான விளம்பரங்கள் சிலவற்றையும் சேகரித்து வையுங்கள்.

இனி வாயைத் திறக்காதே என்ற அறிவுரை. அதை மறந்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்கள் நிரப்பும் படிவத்தில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. ஐந்தாவது கேள்வி, ஏதேனும் பள்ளியிலோ பயிற்சியிலோ சேர்ந்தீர்களா என்பது. அதற்கு "இல்லை" என்று குறித்துவிட்டு வகுப்புக்குப் போவது, தண்டனைச் சட்டத்தின் எச்சரிக்கையோடு கூடிய படிவத்தில் பொய்க் கையெழுத்து இடுவதற்குச் சமம். பின்னர் தெரியவந்தால், பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்வதோடு அதன்மேல் 30 விழுக்காடு அபராதமும் விதிப்பார்கள். அடுத்து வரும் வாரங்களுக்கும் தகுதி பறிபோகும். நீங்கள் கவலைப்படும் குடியுரிமை விண்ணப்பத்துக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வேலையின்மைத் தொகை பெறுவது, உழைத்ததன்பேரில் வந்த காப்பீட்டு உரிமை என்பதால், அரசுக்குச் சுமையானவர் என்ற கணக்கில் அது வராது, குடியுரிமைக்கும் தடையில்லை. மோசடி என்று ஒரு தீர்மானம் பதிவாகிவிட்டால், நன்னடத்தையைச் சோதிக்கும் அதிகாரி அதைக் கேட்காமல் விடமாட்டார்.

"ஆம்" என்று குறித்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனிதர்களைப் பொய்க்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்த இடத்தில் எழும் பயம்தான். ஈடிடி ஒரு நேர்காணல் தேதி குறித்துத் தபால் அனுப்பும். டிஇ 8327 என்ற பயிற்சிச் சேர்க்கைச் சான்றுப் படிவத்தைக் கல்லூரி நிரப்பித் தர வேண்டியிருக்கும். முடிவு வரும்வரை அந்த வாரங்களின் தொகை நிலுவையில் நிற்கலாம். முன்கூட்டியே ஒப்புதல் கேட்டிருந்தால் இந்த நிலுவைக் காலம் சுருங்கும். ஒப்புதல் வந்த பிறகு வேலை தேட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறீர்கள் என்பதைப் பயிற்சி நிலையம் உறுதிப்படுத்த வேண்டும். கல்லூரியில் அந்தக் கையெழுத்தை இடுகிறவர் யார், அவர் எந்த நாட்களில் இருப்பார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு கையெழுத்து தாமதமானதால் வாடகை தவறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு தொடங்கும் நாள்வரை வேலை தேடும் கடமை நீடிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். செமஸ்டர் இடைவிடுமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதை நேர்காணலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொகை எவ்வளவு நாள் வரும் என்ற கணக்குக்கு வருவோம். உங்கள் வழக்கமான கோரிக்கை 26 வாரத்துக்கு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 11,700 டாலர். வகுப்பு தொடங்கும்போது 17 வாரம் போயிருக்கும், மீதி ஒன்பது. அதன்பின் பயிற்சி நீட்டிப்பு என்ற ஏற்பாடு தொடங்கலாம். வழக்கமான தொகையையும் நீட்டிப்பையும் சேர்த்து உங்கள் வாரத் தொகையின் 52 மடங்குவரை, அதாவது 23,400 டாலர்வரை பெற இடமுண்டு. ஆகவே வகுப்பின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் 35 வாரம், ஏறக்குறைய எட்டு மாதம். இரண்டு செமஸ்டரும் நடுவில் வரும் விடுமுறையும் சேர்ந்தால் ஒன்பது மாதத்தை எட்டும். கடைசி மாதத்துக்கு இப்போதே ஏதாவது எடுத்து வைப்பது நல்லது. 16 வாரக் கெடுவைத் தவறவிட்டால் இந்த நீட்டிப்பு முழுதும் கைவிட்டுப் போகும், முதல் செமஸ்டரின் நடுவிலேயே பணம் தீர்ந்துவிடும்.

450 டாலர் என்பது 2005இலிருந்து மாறாமல் இருக்கும் உச்சவரம்பு. ஃப்ரீமான்ட் வாடகைக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வரம்பைத் தொடாமல் விட்டிருப்பது உழைக்கும் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன். வார இறுதியில் சிறு வேலை செய்து ஈடுகட்ட நினைத்தால் செய்யலாம். வாரச் சம்பளத்தில் 25 டாலர் அல்லது கால்பங்கு, இவற்றில் எது அதிகமோ அதை விட்டுவிட்டு மீதியைத்தான் கழிப்பார்கள். வாரம் 200 டாலர் சம்பாதித்தால் 50 விலக்கு, 150 கழிவு. ஈடிடியிலிருந்து 300 வரும், கையில் மொத்தம் 500. சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் அல்லாமல், வேலை செய்த வாரத்திலேயே அதைக் காட்ட வேண்டும். மனைவியின் சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குடும்ப வருமானத்தை ஈடிடி கேட்பதும் இல்லை. கூட்டாட்சி வருமான வரி மட்டும் இந்தத் தொகைக்கு உண்டு, கலிஃபோர்னியா மாநில வரி கிடையாது.

உங்களோடு வேலை பார்த்தவர் இரண்டு ஆண்டு பெற்றது பெரும்பாலும் டிஏஏ எனப்படும் வர்த்தகச் சரிக்கட்டு உதவியாக இருக்கும். இறக்குமதியாலோ உற்பத்தி வெளிநாடு போனதாலோ வேலை இழந்தவர்களுக்காக 1962இல் தொடங்கி, 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தில் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. பினாங்குக்குப் போன உங்கள் ஆலைக்கு அது அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியிருக்கும். ஆனால் அதன் அனுமதியைக் காங்கிரஸ் புதுப்பிக்காததால், 2022 ஜூலை 1 முதல் புதிய ஆலைகளுக்குச் சான்று வழங்குவது நின்றுபோனது. மிகவும் தேவைப்பட்ட காலத்தில் அதைக் கைவிட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். மீண்டும் உயிர்பெற்றால் ஜாப் சென்டரில்தான் முதலில் தெரியும். அங்கே ஒரு முறை கேட்டு வையுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கும் உங்கள் மைத்துனரின் நிலை வேறு. தொகை கோரும் ஒவ்வொரு வாரத்திலும் எந்த முதலாளியிடமும் வேலையை ஏற்கச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும். எச்1பி அனுமதி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டுண்டது என்பதால், பொதுவாக வேலையின்மைத் தொகை மறுக்கப்படுகிறது. அவருக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனமோ விசா மாற்றமோ அமைய வேண்டும். அவர் படிப்பைப் பற்றி யோசிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் "நாங்கள் ஈடிடி அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சொல்லிப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலருக்குக் கையெழுத்து வாங்குவதுண்டு. இடிபிஎல் பட்டியலை நீங்களே பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்பதைக் காட்டும் தகவல் அறிக்கையை, தனியார் கல்வி நிலையங்களுக்கான மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் பள்ளிகள் ஒப்பந்தத்துக்கு முன்பே தந்தாக வேண்டும். கையெழுத்திட்டுவிட்டாலும் முதல் வகுப்பு நாள் அல்லது சேர்ந்த ஏழாம் நாள், எது பிந்தியதோ அதுவரை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். மாலை நேரத்திலோ இணையத்திலோ படிக்கிறவர்கள், பகலில் முழுநேர வேலைக்குத் தயாராக இருந்து தேடிக்கொண்டும் இருந்தால், பயிற்சி ஒப்புதல் இல்லாமலேயே வழக்கமான தொகையைத் தொடர்ந்து பெற முடியும். ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்று குறித்து, நேர்காணலில் வகுப்பு நேரத்தை விளக்கினால் போதும்.

உங்கள் தந்தையாரிடம் இதைச் சொல்லுங்கள்: கலிஃபோர்னியாவில் வேலையின்மைக் காப்பீட்டுக்கான வரியை முதலாளிகள் கட்டுகிறார்கள், நீங்கள் உழைத்த பதினான்கு ஆண்டும் உங்கள் பேரில் அந்த வரி கட்டப்பட்டிருக்கிறது. பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு நம் ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை. வேலை போனால் குடும்பம் நொடிந்துபோகக் கூடாது என்று 1935இலேயே ஒரு நாடு சட்டம் போட்டு வைத்த பணம் இது; 46 வயதில் புதுத் தொழில் கற்கத் துணிகிற ஒருவர் அதைப் பெறுவதில் தலைகுனிய எதுவும் இல்லை.

ஒருவேளை மறுப்பு வந்தால், கடிதத்தில் தபால் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. மேல்முறையீடு நடக்கும் மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செர்டிஃபை செய்வதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வென்றாலும் அந்த வாரங்களுக்குப் பணம் பெறுவது கடினம். வழக்கை விசாரிப்பது மேல்முறையீட்டு வாரியத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதி, ஈடிடி அதிகாரி அல்லர். அவர் முன் உங்கள் தரப்பை முதலிலிருந்து சொல்லலாம். ஈடிடிக்கு அனுப்பிய செய்தியின் பிரதி, இடிபிஎல் அச்சு, லேஆஃப் கடிதம், டிஇ 8327 ஆகிய நான்கையும் விசாரணைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகவே கிடைப்பார். தேவை என்பதை மேல்முறையீட்டுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.